பெயர் சொல்லாத ஜெபம்

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் நலம். அவர் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

போனில் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. காதில் மாட்டியிருக்கும் மிஷின், போனைக் கிட்டே கொண்டுபோனாலே விசில் அடிக்கிறது. நீ பேசுவதைவிட அது பேசுவதுதான் அதிகம். கடிதம் என்றால் எனக்கு எதுவும் காதில் விழாமல் போகாது.

எங்கள் பெண்கள் சங்கம் வியாழக்கிழமைதோறும் வீடு வீடாகப் போகிறது. படுக்கையில் கிடப்பவர்கள், தனிக்கட்டையாக இருப்பவர்கள். துணி துவைத்துக் கொடுத்து, வீட்டைப் பெருக்கி, ஜெபித்துவிட்டு வருகிறோம். போன வாரம் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெருக்கக் குனிந்தவள் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் என்னை நிமிர்த்தி, கையில் தைலப் பாட்டிலும் கொடுத்து அனுப்பினார். யாருக்கு யார் ஊழியம் செய்தது என்று தெரியவில்லை.

நீ சனிக்கிழமைகளில் சபை வேனில், வெளியே வர முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவதை எங்கள் தெருவில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது. ஆண்டவர் மன்னிப்பாராக.

ஒன்று கேட்க வேண்டும். கொஞ்ச நாளாக உன் கடிதங்களில் "கர்த்தருடைய கிருபையால்" என்பதைக் காணோம். "நலம்" என்று மொட்டையாக ஆரம்பிக்கிறாய். மை விலை ஏறிவிட்டதா?

அன்புடன்,
உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பதில் சந்தோஷம். போலீஸ்காரரின் தைலத்தை அத்தான் முழங்காலுக்கும் தேய்த்துப் பார்.

வேனைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன், உனக்கே தெரியும். ஒர்க் ஷாப்பில் கழித்துப்போட்ட ஃப்ரிட்ஜ்களின் பக்கப் பலகைகளை வெட்டி நானே சாப்பாட்டுப் பெட்டிகள் செய்திருக்கிறேன். குளிரை வெளியே விடாத பலகை சூட்டையும் வெளியே விடாது. இத்தனை வருஷம் குளிர்பெட்டி ரிப்பேர் செய்துவிட்டு, கடைசியில் சூட்டுக்குக் காவல் இருக்கிறேன். சமையல்கூடத்தை நடத்தும் அம்மாவுக்குப் "பெரிய கரண்டி" என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் மூடியைப் போட்டதும் நான் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கரண்டி என் பக்கம் திரும்பும்.

கடைசி வீடு மூன்றாம் மாடி. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த அம்மா. இப்போது கட்டிலோடு சரி. டப்பாவைத் திறந்ததும் ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார். கை சுட்டால் எனக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும்.

எங்கள் சபையில் சாப்பாடு கொண்டுபோகிறவர் அந்த வீட்டில் ஒரு ஜெபமும் செய்துவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். நான் செய்வதில்லை. டைப்பிஸ்ட் அம்மா முதலில் கேட்டார். "சாப்பாடு ஆறிடும்மா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இப்போது கேட்பதில்லை.

மை விலை ஏறவில்லை அக்கா. நீ கேட்டுவிட்டதால் சொல்கிறேன், பொய் எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும். என் மனைவி போனபிறகு எனக்கு நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது எல்லாரும் ஜெபித்தார்கள், நீயும் உபவாசம் இருந்தாய். யாரையும் நான் குறை சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து ஜெபிக்க உட்கார்ந்தேன். எதிரே யாரும் இல்லாத மாதிரி இருந்தது. இன்றுவரை அப்படித்தான். ஆராதனைக்குப் போகிறேன், பாடுகிறேன். கண்ணை மூடச் சொன்னால் மூடிக்கொண்டு, எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று யோசிக்கிறேன்.

ஆனால் சனிக்கிழமை மட்டும் நான் மனுஷனாக இருக்கிறேன். அதற்காகவே வெள்ளிக்கிழமை தூங்குகிறேன். அதனால் இதை யாரிடமும் சொல்லாதே. அத்தானிடமும் வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பில் இருந்ததை அடிபிடிக்க விட்டேன். என்ன நாற்றம் என்று அத்தான் கேட்டதற்குக் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். செவிடாக இருப்பதில் இது ஒரு வசதி.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் நான். மற்ற பிள்ளைகள் பாட்டு முடித்த பிறகும் நீ மட்டும் பாடிக்கொண்டிருப்பாய். அந்தப் பிள்ளையா இப்படி எழுதியது என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டேன், பயப்படாதே. ஆனால் உனக்காக முழங்காலில் நிற்பதை நீ தடுக்க முடியாது. நான் ஒருத்தி நின்றால் போதுமா என்றுதான் கவலை. பெயர் சொல்லாமல் ஜெபித்தாலும் அவருக்குத் தெரியும் அல்லவா?

நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் சூடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நீ ஆறியதைச் சாப்பிடாதே.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. சொன்னபிறகு லேசாக இருக்கிறது. உன்னிடம் மட்டுமாவது நடிக்க வேண்டியதில்லை.

டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்றினேன், மறுபடியும் ஒழுகுகிறது. "குழாய் சரியாயிட்டா நீ வரமாட்ட, அதான் அது ஒழுகுது" என்கிறார்.

"பெயர் சொல்லாமல்" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அது என்ன? சங்கத்தில் எதுவும் வேண்டாம் அக்கா. நீ தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் ஜெபித்துக்கொள்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் நலம். உன் சுகமறிய ஆவல்.

இந்த மாதம் சங்கத்தில் கம்பளி சேர்த்தோம். ஒருவர் கொண்டுவந்த கம்பளியில் பூனை குட்டி போட்டிருந்தது, அதோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். கம்பளியைத் துவைத்துவிட்டோம். குட்டிகளைப் போலீஸ்காரர் வாங்கிக்கொண்டார். அத்தான் தைலம் தேய்த்ததில் முழங்காலைவிட மூக்குதான் திறந்துகொண்டது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, அங்கே எப்படி? தண்ணீர் நிறையக் குடி.

எங்கள் ஜெபச் சங்கிலியைப் பற்றி எழுதியிருக்கிறேனா? ஒருவர் பாரத்தை இன்னொருவருக்குப் போனில் சொல்வது, அவர் அடுத்தவருக்குச் சொல்வது. சங்கத் தலைவிதான் இதைப் பார்த்துக்கொள்கிறார். முகம் தெரியாத சபைகளில்கூட நமக்காக ஜெபிக்கிறார்கள். கேட்கவே மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

வேறு விசேஷமில்லை.

அக்கா


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். ஏப்ரல் முழுக்க உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஈஸ்டர் வாழ்த்துகூட இல்லை. அத்தானை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். நீ "வேலையா இருக்கேன் அத்தான்" என்று வைத்துவிட்டாயாம். காய்ச்சலா? ஒர்க் ஷாப்பில் ஏதாவது தகராறா? ஒரு வரி எழுதக்கூடாதா?

அக்கா


மே 18

அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை.

சனிக்கிழமை வண்டியில் ஏற்றுவதற்கு முன் சமையல்கூடத்தில் எல்லாரும் நின்று ஜெபிப்பது வழக்கம். அடுப்பு அணைந்திருக்கும், தரையெல்லாம் ஈரமாக இருக்கும். நான் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கதவருகே நிற்பேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பெரிய கரண்டி, வேறொரு ஊரிலிருந்து சங்கிலியில் ஒரு பாரம் வந்திருக்கிறது என்றார். கண்ணை மூடிக்கொண்டோம். ஒரு சகோதரனுக்காக, ஆண்டவரே, என்று அவரே ஆரம்பித்தார். மனைவியை இழந்தவர். அந்தத் துக்கத்தில் விசுவாசத்தையும் இழந்துவிட்டார். உம்மை நம்பாமலே உம்முடைய ஊழியத்தைச் செய்துகொண்டிருக்கிறார். குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிறவர். வேனில் ஏழைகளுக்குச் சாப்பாடு…

அந்த இடத்தில் அவருக்கு வார்த்தை நின்றுவிட்டது. நான் கண்ணைத் திறந்தேன். ஒவ்வொருவராகத் திறந்தார்கள். என் கையில் இருந்த பெட்டியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. யாராவது முடித்து வைக்க வேண்டுமே என்று நானே "ஆமென்" சொன்னேன்.

நீ பெயர் சொல்லவில்லை, அதை நம்புகிறேன். பெயர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள். பெரிய கரண்டி என் தட்டில் அள்ளி அள்ளி வைத்தார். ஒருவர் தோளைத் தட்டினார், இன்னொருவர் ஒரு புத்தகம் கொடுத்தார். அடுத்த வாரம், வீடுகளில் ஜெபிப்பதற்காக என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரை வேனில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கடுத்து போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு பாரமா இருக்க வேணாம்னு பாக்கிறோம் தம்பி. கொஞ்ச நாள் ஓய்வா இருங்க. எல்லாம் சரியானதும் சாவி உங்களோடதுதான்."

எப்போது சரியாகும், அதை யார் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. சாவியைச் சமையல்கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பெட்டிகளை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறேன்.

தம்பி


ஜூன் 4

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னித்துவிடு என்று எழுதினால் அது ரொம்பச் சின்னதாக இருக்கிறது.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த வாரம், சங்கத்தில் ஜெபத் தேவை இருக்கிறதா என்று கேட்டார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். எனக்கு முன்னால் ஒருத்தி மகனின் பரீட்சைக்குக் கேட்டாள், இன்னொருத்தி மாடு காணாமல் போனதற்குக் கேட்டாள். பரீட்சைக்கும் மாட்டுக்கும் இத்தனை பேர் ஜெபிக்கும்போது என் தம்பிக்கு நான் ஒருத்திதானா என்று நெஞ்சு பொங்கிவிட்டது. பெயர் சொல்லாமல் சொன்னால் தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உருக்கமாக ஜெபிக்க வேண்டுமே என்றுதான் உன் வேலையை, வேனை, அவளை எல்லாம் சொன்னேன். என் காதுக்கு என் குரல் எட்டாது, எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ. மார்ச்சில் நீ கேட்டபோது பூனைக்குட்டிக் கதை எழுதினேன். அப்போதே சொல்லியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருக்கலாம்.

இப்போதாவது நிறுத்தலாம் என்று தலைவியிடம் ஓடினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பதில் வந்துடுச்சுக்கா! அந்த சகோதரர வேலைய எல்லாம் விட வச்சு, ஆண்டவர் தனியா தன்கிட்ட உக்கார வச்சிருக்காராம்." அந்த வியாழக்கிழமை அதைச் சாட்சியாகவே சொன்னார்கள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றைக்கென்று பார்த்து என் காது மிஷின் நன்றாக வேலை செய்தது.

உங்கள் போதகருக்கு நான் எழுதட்டுமா? நேரில் வந்து சொல்லட்டுமா? நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நலம். போதகருக்கு எழுதாதே, வரவும் வேண்டாம். நீ வந்தால் எனக்காக ஒரு கூட்டம் வைப்பார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா, குழாய் மறுபடி ஒழுகுகிறது என்று கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார். போனேன். குழாய் ஒழுகவில்லை. சாப்பாட்டு டப்பா திறந்தபடி கட்டில் பக்கத்தில் இருந்தது, பாதிக்குமேல் அப்படியே.

"இப்ப வேன்ல வர்றவரு ரொம்ப நல்லா ஜெபம் பண்றாரு" என்றார். "எனக்காக, என் காலுக்காக, நாட்டுக்காக எல்லாம் பண்றாரு. அதுக்குள்ள இது ஆறிப் போகுது. முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடுறாரு. தனியா சாப்பிட எனக்கு இறங்கல."

சூடு பண்ணிக் கொடுத்து, அவர் சாப்பிடும்வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் படியிறங்கும்போது தலைமையாசிரியர் எதிரே வந்தார், எதையோ மறந்து வைத்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, படியிலேயே எனக்காக ஜெபித்தார். வீட்டுக் கதவுகள் திறந்தன. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். அது வந்தபிறகு எழுதுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 21

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். அதுபோலவே தங்கள் நலத்தையும் அத்தான் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். தாங்கள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. இங்கு மழை பெய்கிறது. வேலை நன்றாக நடக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

கர்த்தர் தங்களை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி


அக்டோபர் 6

தம்பி,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன். "பாத்தியா, பையன் சரியாயிட்டான், கர்த்தர் கிருபைன்னு எழுதியிருக்கான்" என்று சந்தோஷப்பட்டார். நான் அதை வாங்கி மடித்து வைத்தேன்.

நீ பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அம்மா அடித்துச் சொல்லியும் நீ மாற்றவில்லை. இப்போது "தாங்கள்" என்கிறாய். அந்த ஒரு வரி கடிதத்தில் இல்லை என்று ஜனவரியில் உன்னைக் கேலி செய்தேன். இன்றைக்கு அது முழுசாக வந்திருக்கிறது, ஒரு சொல் குறையவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் அழுதேன். உன் வேனை நான் பறித்தேன். பேச உனக்கு இருந்தது நான் ஒருத்தி, அவளையும் பறித்துக்கொண்டேன்.

சங்கத்துக்கு இன்னும் போகிறேன். பெருக்குகிறேன், துவைக்கிறேன். ஜெபத் தேவை கேட்கும்போது எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறேன். போன வியாழக்கிழமை ஒரு வீட்டில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்பதை உனக்குக்கூட எழுத மாட்டேன்.

தனியாக இருக்கும்போது உனக்காக ஜெபிப்பதை விடவில்லை, விடவும் முடியாது. அதையும் நீ தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

என் உடம்பு நலம். மனது நலமில்லை. உள்ளே தபால்தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். திட்டி எழுது, கோபம் தீரவில்லை என்று எழுது. அதற்கும் மனமில்லையென்றால் வெறும் தாளை மடித்துப் போட்டு அனுப்பு. அதையாவது என்னால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

அக்கா